ஐஸ் கட்டிக்கு ஒரு ரோஜா மாலை

"செல்போனையும் இந்தக் கூடையில போட்டுருங்க சார்."

செருப்பைக் கழற்றியாயிற்று. அது நியாயம். ஆனால் துஷ்டி வீட்டு வாசலில் செல்போனைப் பிடுங்குவது எந்த ஊர் வழக்கம்? சுப்புராஜுக்குச் சுருக்கென்றது. ரோஜா மாலையும் கையுமாக எரியோட்டிலிருந்து பஸ் பிடித்து, நாகல் நகருக்கு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். வந்த மனுஷனை யாரும் 'வாங்க' என்று கேட்கவில்லை. அதுவும் சரிதான், துஷ்டி வீட்டில் அப்படிக் கேட்கக் கூடாது. போனைக் கேட்கலாமா?

"போன் எதுக்கும்மா?"

கறுப்புச் சட்டை போட்டிருந்த அந்தப் பெண் உதட்டில் விரலை வைத்தாள். சுப்புராஜ் அடங்கிப்போய்ப் போனைப் போட்டார்.

இறந்துபோனவர் சம்பந்தி பொன்னுத்துரையின் அண்ணன். போன மாதம்தான் வடமதுரையை விட்டு நாகல் நகருக்கு வாடகைக்கு வந்தவர். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு வீடே தெரியாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வாசலில் பந்தல் போட்டிருக்கும் என்று மகள் கௌசல்யா காலையில் போனில் அடையாளம் சொன்னாள். கூடவே ஒரு எச்சரிக்கையும் விட்டாள்.

"பெரிய மாமா வீட்டுக் காதுகுத்துக்கு நீங்க வரலைங்கிறதையே அத்தை ஒரு வருசமாச் சொல்லிக் காட்டுதுப்பா. இதுக்கும் உங்க மூஞ்சி தெரியலைன்னா நான் இந்த வீட்ல குப்பை கொட்ட முடியாது. நல்லா நாலு பேரு பாக்கிற மாதிரி நின்னுட்டுப் போங்க."

அத்தை என்றால் மாமியார் கருப்பம்மாள். மகளின் நிம்மதிக்காக, பறிக்க வேண்டிய முருங்கைக்காயை மரத்திலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார் சுப்புராஜ்.

பந்தல் இருந்தது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பந்தல் காலில் ஒரு பலகையும் தொங்கியது. 'மெல்ல: ஐம்புலன்களாலும் உணர ஒரு கலைக்கூடம். அமைப்பு: தமிழ்நிலா.' துஷ்டிக்கு வந்தவன் பலகையையா படித்துக்கொண்டிருப்பான்?

"பாடி எங்கம்மா?" என்று அந்தப் பெண்ணின் காதருகே கேட்டார்.

அவள்தான் தமிழ்நிலா. சிரித்தாள். துஷ்டி வீட்டில் சிரிப்பு!

"வர்ற எல்லாருமே மொதல்ல அதைத்தான் சார் கேக்குறாங்க. பாடி உங்ககிட்டதான இருக்கு? அதை மெதுவாக் கவனிச்சுக்கிட்டே உள்ள போங்க."

துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சுப்புராஜ் பரிதாபப்பட்டார்.

உள்ளே பகலிலேயே கும்மிருட்டு. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. தரை முழுக்க ஈர மணல். பெரிய மனுஷன் செத்த வீட்டைக் கூட்டிவிடக்கூடவா ஆளில்லை? விறுவிறுவென்று நடந்தவரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள் தமிழ்நிலா.

"மெதுவா சார். ஒவ்வொரு விரலாலயும் மணலைத் தொட்டுப் பாருங்க."

"எரியோட்டுல எனக்கு நாலு ஏக்கர் மணல் கெடக்கும்மா."

"உஷ்."

உத்தரத்திலிருந்து தொங்கிய ஈர நூல் கற்றைகள் முகத்தில் வழிந்தன. எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. குழாயைக்கூட ஒழுங்காக மூடவில்லை. வெட்டிவேரும் சாம்பிராணியும் கலந்த வாசனை மட்டும் முறைப்படி இருந்தது. சுவரோரமாக இருபது முப்பது பேர் உட்கார்ந்திருப்பது நிழலாகத் தெரிந்தது. முகம் தெரியவில்லை. ஒருத்தர் கண்ணிலிருந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததாகத் தெரியவில்லை. சே, என்ன ஜனங்கள்!

அதைவிடப் பெரிய கவலை, தன் முகமும் அவர்களுக்குத் தெரியாதே என்பதுதான். தொண்டையைச் செருமினார். இருமினார். ஒருவரும் திரும்பவில்லை.

தமிழ்நிலா அவர் உள்ளங்கையில் ஒரு பிடி பச்சரிசியை வைத்தாள். அப்பாடா, இது தெரிந்த முறை.

"எங்கம்மா போடணும்?"

"வாயிலதான் சார்."

"அது தெரியும். அவுகள எங்க வச்சிருக்கீங்க?"

"உங்க வாயில போடுங்க சார். போட்டு மெதுவா மெல்லுங்க."

"எனக்கேவா?"

"உங்களுக்குத்தான்."

ஐம்பத்தெட்டு வயதில், கொஞ்சம் சர்க்கரை தவிர வேறு வியாதி இல்லாத மனுஷனுக்கு, சம்பந்தி வீட்டில் வாய்க்கரிசி! சுப்புராஜுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அரிசியை அவள் முகத்தில் வீசலாம் என்று கையை ஓங்கியபோது, சுவரோரமிருந்து கறுக் கறுக் என்று சத்தம் வந்தது. அத்தனை பேரும் மென்றுகொண்டிருந்தார்கள். வடமதுரைப் பக்கம் இதுதான் வழக்கமோ என்னவோ. மகளை நினைத்துக்கொண்டு அவரும் மென்றார்.

அடுத்த அறையில் மட்டும் நீல விளக்கு எரிந்தது. நடுவில் வெள்ளைத் துணி போர்த்தி நீளமாகக் கிடத்தியிருந்தார்கள். மேலே ஏழெட்டு மாலைகள். சுப்புராஜுக்கு உயிர் வந்தது. தன் மாலையைப் போட்டு, கும்பிட்டு, காலைத் தொட்டார். ஜில்லென்று வழுக்கியது. துணி விலகியது.

உள்ளே ஐஸ் கட்டி. வெறும் ஐஸ் கட்டி.

"எடுத்துட்டீங்களா?" என்று கத்தினார். "சம்பந்தி நான் வாரதுக்குள்ள எடுத்துட்டீங்களா?"

"சார், உஷ்..."

"என்னம்மா உஷ்ஷு! உஷ்ஷு உஷ்ஷுன்னே எனக்கு வாய்க்கரிசி போட்டுட்ட. பொண்ணு குடுத்தவன்னா அம்புட்டு எளக்காரமா? நான் யாரு? எரியோடு சுப்புராஜு! கௌசல்யாவுக்கு அப்பன்!" முன் அறைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். "காதுகுத்துக்குக் காய்ச்சல்னு சொன்னேன். பொய்தான்! இந்தப் பெரிய மனுசன் பேச ஆரம்பிச்சா மூணு மணி நேரம் ஆளை விடமாட்டாரு, அதுக்குப் பயந்துதான் வரல. எம் மக வாய் தொறந்து பேசமாட்டா, நான் பேசுறேன். அந்தக் கருப்பம்மா இட்லிய எண்ணி எண்ணி வைக்குதாம். நாலாவது கேட்டா 'எரியோட்டுப் பசி'ன்னு நக்கலாம். அது வைக்கிற கொழம்ப நாயி மோந்து பாத்துட்டுப் போயிருமாம். அம்புட்டையும் எம் மக போன்ல சொல்லி அழுகுறா!"

இருட்டில் ஒரு வளையல் சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல் விசும்பியது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. செத்த நேரத்தில் வீடே ஓவென்று அழுதது. இப்போதாவது உறைத்ததே என்று துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார்.

தமிழ்நிலா ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பின்னாலேயே ஓடிவந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"சார், தயவுசெஞ்சு உங்க அனுபவத்தை ரெண்டு வரி எழுதுங்க. மதுரையில வச்சப்ப எல்லாரும் அஞ்சு நிமிசத்துல வெளிய வந்துட்டாங்க. உங்க ஊர்க்காரங்க மாதிரி உக்காந்து அனுபவிச்சவங்களை நான் பாத்ததே இல்ல."

"எதை அனுபவிச்சு?"

"இந்தக் கலைக்கூடத்தைத்தான் சார். ஐஸ் கரையுதுல்ல, அது காலம்."

சுப்புராஜ் இப்போதுதான் பலகையைப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"அப்ப துஷ்டி வீடு?"

"தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தல் இருக்கு. ஆனா அங்க கூட்டமே இல்ல சார்."

முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு மெல்ல மெல்ல மனசு லேசானது. ஒரு வருடத்துப் புழுக்கத்தை ஓர் ஐஸ் கட்டியிடம் கொட்டியாயிற்று. கேட்டவர்கள் யாரோ, இவர் யாரோ. சம்பந்தி வீட்டு ஆட்கள் காதில் அதில் ஒரு வார்த்தை விழுந்திருந்தாலும் கௌசல்யா இன்றைக்கே பெட்டியோடு எரியோட்டுக்கு வந்திருப்பாள். பிழைத்தோம்! நோட்டில் 'மிக அருமை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டார். இனி நேராக அந்தப் பந்தலுக்குப் போய், நாலு பேர் பார்க்க நிற்க வேண்டியதுதான்.

போனை வாங்கிக்கொண்டு, குவியலில் செருப்பைத் தேடினார். செருப்புக்குக் காவலாக மூக்காயி என்ற வயதான அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, இம்புட்டுப் பேருமா இந்தக் கண்காட்சியப் பாக்க வந்திருக்காக?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

மூக்காயி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யாருகிட்டயும் பேசக் கூடாதுன்னு சொல்லித்தான்யா என்னைய உக்கார வச்சிருக்காக, இருந்தாலும் நீங்க கேட்டுட்டீக. கண்காட்சிக்குன்னு காலையிலருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. உள்ள இருக்கிறது அம்புட்டும் கருப்பம்மான்னு ஒரு அம்மா வடமதுரையிலருந்து வேன் வச்சுத் துஷ்டிக்குக் கூட்டியாந்த சனம்."