மாப்பிள்ளையின் குதிக்கால்

ஒரு விடயத்தைப் படிக்காதவனால் பெரிய தீமை இல்லை. நன்றாகப் படித்தவனாலும் இல்லை. அதைப் போன கிழமை படித்தவன் இருக்கிறானே, அவனைத்தான் கல்யாண வீட்டுப் பக்கம் விடக்கூடாது. இதற்கு வேறு சாட்சி தேட வேண்டாம், நானே போதும்.

எண்பதுகளின் நடுவில் நான் மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம். எங்கள் ஊர் புளியங்கூடலில் எனக்குத் தனி மரியாதை. மரியாதை என்றால், கோயிலில் சாமி கும்பிட விடாமல் ஆளுக்கு ஆள் வயிற்றுக் கோளாறு சொல்வார்கள். நான் யோசனையோடு தலையாட்டுவேன். (தலையாட்ட மட்டும்தான் அப்போது தெரியும்.)

அக்காவின் கல்யாணத்துக்கு முதல் கிழமை, ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலியோடு ஒரு நோயாளி. இளம் ஆள். பெரிய டொக்டர் எங்களை வரிசையாக நிறுத்தி, இவருடைய வருத்தத்தின் காரணம் உடம்பிலேயே தெரிகிறது, கண்டுபிடியுங்கள் என்றார். நான் கண்ணை இழுத்துப் பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன். நகம், காது, கழுத்து ஒன்றையும் விடவில்லை. கூடப் படித்த ஒருத்தி போர்வையை விலக்கி அவருடைய குதிக்காலைப் பிடித்தாள். குதிக்குப் பின்னால் கயிறு போல இறங்கும் தசைநார் அவருக்குத் தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தது. இரத்தத்தில் மிஞ்சிய கொழுப்பு அங்கே வந்து படிந்திருக்கிறது. சாப்பாட்டால் வந்ததல்ல, பிறக்கும்போதே தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வாங்கி வந்தது. வாலிபத்திலேயே நெஞ்சுக் குழாய்களை அடைத்துவிடும்.

“நீர் இனிமேல் காலிலையிருந்து தொடங்கும்” என்றார் பெரிய டொக்டர் என்னைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றிலிருந்து கண்ட கண்ட குதிக்காலையெல்லாம் பார்க்கத் தொடங்கினேன். ஊருக்கு வரும்போது பஸ்ஸில் முன்னால் நின்ற ஒரு மனுசியின் காலைக் குனிந்து பார்த்து, மண்டைதீவுச் சந்தி வரைக்கும் ஏச்சு வாங்கினேன்.

மாப்பிள்ளைக்குப் பக்கத்து ஊர், சரவணை. பெயர் குலசேகரம். தெற்கே ஒரு பட்டணத்தில் குடும்பக் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்துபோக, ஊருக்கு வந்து வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். தகப்பன் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். எப்படி இல்லாமல் போனார் என்று யாரும் கேட்கவில்லை. சாதகம் நன்றாகப் பொருந்தியிருந்தது, அதற்கு மேல் துருவுவது மரியாதை இல்லையே.

எங்கள் பக்கத்தில் பொம்பிளையின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். வாசலில் பலகையில் நிற்கும் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவர வேண்டும். ஒரு செம்புத் தண்ணீர், ஒரு நிமிட வேலை. மூளை தேவைப்படாத வேலை என்றுதான் அப்பா என்னை நம்பி விட்டார்.

மேளம் முழங்கியது. சோடித்த மொரிஸ் மைனர் காரிலிருந்து தலைப்பாகையோடு மாப்பிள்ளை இறங்கிப் பலகையில் ஏறினார். நான் குந்தியிருந்து வலது காலில் தண்ணீரை ஊற்றி, குதியைப் பிடித்தேன்.

என் கை நின்றுவிட்டது.

கயிறு மாதிரி இருக்க வேண்டிய நார், விரல் மொத்தத்துக்குத் தடித்திருந்தது. அமத்திப் பார்த்தேன். முடிச்சுகள். மேலே போனேன், கீழே வந்தேன். ஆஸ்பத்திரியில் கோட்டை விட்டதை இங்கே பிடித்துவிட்டேன் என்று முதலில் வந்தது சந்தோசம்தான். (என் அறிவு அவ்வளவுதான்.) அதற்குப் பிறகுதான் இந்தக் கால் யாருடைய கால் என்பது உறைத்தது.

மேளக்காரர் ஒரு சுற்று வாசித்து முடித்து, என்னைப் பார்த்துவிட்டு, இன்னொரு சுற்று தொடங்கினார்.

“டேய், தண்ணியை ஊத்தடா!” இது அப்பா.

நான் ஊற்றவில்லை. காலைப் பிடித்தபடியே நிமிர்ந்து, கல்யாண வாசலில் மனிதப் பிறவி கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன்.

“அத்தான், உங்கடை அப்பா எத்தினை வயசிலை செத்தவர்?”

மேளம் நின்றது. அத்தான் குனிந்து என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளை பதில் சொல்வது போல, “நாப்பத்தி மூண்டு” என்றார்.

“அப்பாவின்ரை அப்பா?”

“அவரும் நாப்பதிலைதான். கடையிலை அரிசி நிறுத்துக்கொண்டு நிண்டவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்.”

அவருடைய தாயார், அன்றிலிருந்து எனக்கு மாமி, முன்னால் வந்தார். “தம்பி, உது எங்கடை வீட்டு ஆம்பிளையளின்ரை வைரக்குதி. பனை வைரம் மாதிரி உறுதி. அவையின்ரை அப்பாவுக்கும் உப்பிடித்தான்” என்றார் பெருமையோடு.

வாயை மூடியிருக்கலாம். தாலி கட்டி, சோறு தின்று, நாலாம் நாள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து நின்று, ஊரே கேட்க, “மாமி, உது வைரமில்லை. கொழுப்பு. இவரின்ரை நெஞ்சுக்குள்ளையும் இருக்கும்” என்றேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பாய்ந்து வந்தார். “என்ன காணும், கலியாணத்துக்குக் கூப்பிட்டுப்போட்டு மாப்பிள்ளையின்ரை ஆயுளை அளக்கிறியளோ? ஏறுங்கோ காரிலை, திரும்புவம்!” டிரைவர் உண்மையாகவே காரைப் பின்னால் எடுக்கத் தொடங்கினான். அம்மா தலையில் கையை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டார். ஐயர் மணவறையிலிருந்து, முகூர்த்தம் போகுது, முகூர்த்தம் போகுது என்று கத்திக்கொண்டிருந்தார். அப்பா என்னைத் தேடினார். நான் மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றேன்.

அப்போதுதான் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. அக்கா வந்துகொண்டிருந்தாள். தலையில் பாதிக்குத்தான் பூ வைத்திருந்தது. கூப்பிடும் முன்னால் பொம்பிளை வாசலுக்கு வரலாமா என்று யாரோ முனகினார்கள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது என்பது அந்த முகத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

“தம்பி, உதுக்கு மருந்து இருக்கோ?”

(அந்தப் பக்கத்தை நான் இன்னும் படித்திருக்கவில்லை.)

“இருக்கக்கா” என்றேன்.

“அப்ப என்னத்துக்கு மிலாந்திக்கொண்டு நிக்கிறாய்? கழுவு.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் இடது காலை முன்னால் வைத்தார். “இதுவும் உப்பிடித்தான், தம்பி. வடிவாப் பாத்திட்டே கழுவும்” என்றார். பார்த்தேன். கழுவினேன். கண்ணீரும் அதில் கலந்திருக்கும்.

தாலி கட்டியாயிற்று. ஆனால் நான் ஆடிப்போனது அதற்குப் பிறகுதான். பந்தி நடந்துகொண்டிருக்க, மாமி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். “எங்கடை ஆக்களையும் ஒருக்காப் பார் ராசா.” சாப்பிட்ட கை காயாமல் அந்தக் குடும்பமே காலை நீட்டியது. நான் ஒவ்வொரு குதியாகப் பிடித்துக்கொண்டே போனேன். அத்தானின் மூத்த சகோதரி நல்ல பருமன், நாலாவது வடையைத் தின்றுகொண்டிருந்தார். குதி நூல் மாதிரி. தம்பிக்காரன் பந்து விளையாடுகிறவன், உடம்பில் சதையே இல்லை. குதியில் முடிச்சு. “இவன் இறைச்சி வாயிலை வைக்கமாட்டானே” என்றார் மாமி. பெரியப்பாவின் மகளுக்கு இல்லை. சித்தப்பாவின் மகளுக்கு இருந்தது. ஒருவருக்கு விட்டு ஒருவருக்கு, யாரோ கண்ணை மூடிக்கொண்டு பங்கு வைத்த மாதிரி.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஈரலில் இரத்தக் கொழுப்பைப் பிடித்து இழுக்கச் சின்னச் சின்னக் கைகள் உண்டு என்றும், அவற்றைச் செய்யும் குறிப்பில் தாய்வழி ஒன்றும் தகப்பன்வழி ஒன்றுமாக இரண்டு பிரதி நமக்குக் கிடைக்கிறது என்றும், ஒரு பிரதியில் பிழை இருந்தால் கைகள் பாதியாகிவிடும் என்றும் பின்னால் படித்தேன். அன்று அதெல்லாம் தெரியாது. ஆனால் யாரோ ஒரு பூட்டன் தன் பிள்ளைகளுக்குக் காணியைக் கொடுத்தது போல இதையும் கொடுத்திருக்கிறான், தனக்கே தெரியாமல். அது தலைமுறை தலைமுறையாகக் கரைந்துபோகாமல், குறையாமல், அந்தப் பந்தலில் எண்ணெய் விளக்குக்குக் கீழே என் விரலில் தட்டுப்பட்டது. ஆண்கள் தலை நரைக்குமுன் செத்துப்போகிற வீடு என்று அவர்கள் கிணற்றை இடம் மாற்றினார்கள், வாசலைத் திருப்பிக் கட்டினார்கள். பதில் இவ்வளவு காலமும் அவர்கள் காலிலேயே இருந்தது. அவ்வளவு பெரிய விடயத்தை நான் அதற்கு முதலும் தொட்டதில்லை, பிறகும் தொட்டதில்லை.

பெரியப்பாவின் மூத்த மகன் மட்டும் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். “சோறு ஆறுது, விடும் காணும்” என்று சிரித்தார். நல்ல மனிதர். நாற்பதைக் காணவில்லை. இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்கலாம் என்று இன்றைக்கும் மனம் வலிக்கும்.

மருந்து இருக்கிறது என்று நான் அடித்துவிட்டதும் முழுப் பொய்யாகிவிடவில்லை. முதலில் லண்டனிலிருந்து ஒரு தூள் வந்தது. மணலைக் கரைத்துக் குடிப்பது போல இருக்கும் என்பார் அத்தான். அதையும் குடித்தார். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து எங்கள் தீவே ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவர்கள் கொழும்பு போய், பிறகு கனடா போனார்கள். அங்கே நல்ல குளிசை கிடைத்தது. நாற்பத்திரண்டு வயதில் ஒருநாள் அத்தானுக்கு நெஞ்சு இறுகியது. இன்னொருவர் என்றால் வாயு என்று இஞ்சித் தண்ணி குடித்திருப்பார். அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் முதலில் காட்டியது குதிக்காலை. பிழைத்துக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாருக்குக் கல்யாணம் என்றாலும் என்னைப் பந்தலின் கடைசிக் கதிரையில்தான் இருத்துவார்கள். “உவனை வாசலடியிலை விடாதையுங்கோ” என்று எண்பது தாண்டிய மாமி தொலைபேசியிலேயே கட்டளை போடுவார். அத்தானின் மகளின் கல்யாணத்தில் இது எல்லை மீறியது. வந்த மாப்பிள்ளை நல்ல குறும்பன். பலகையில் ஏறியதும் வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, திரும்பி நின்று, சபைக்குக் குதியைக் காட்டினான். “மாமா எங்கை? வந்து பாக்கட்டும், பேந்து உள்ளுக்கை வாறன்” என்றான். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மகளைத் தாரைவார்க்க மணவறையில் ஆயத்தமாக நின்ற அத்தானின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது முழுக்க நரைத்திருந்தது.