கரைந்துபோன தாம்பூலப் பைகள்

என் அக்கா கல்யாணத்துக்கு வந்தவர்கள் கையிலெல்லாம் கஞ்சியை ஒட்டவைத்து அனுப்பியவள் நான். (வீடியோ இருக்கிறது, மறுக்க வழியில்லை.)

அப்போது எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருந்தேன். மேலே ஆராய்ச்சிக்குப் போக ஆசை. மரவள்ளி மாவில் மக்கும் பை செய்கிற பித்தும் இருந்தது. தாம்பூலப் பையை நானே செய்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். கள்ளக்குறிச்சியில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் வேலை பார்த்த அப்பா நிபந்தனை போட்டார்.

"பை ஒழுங்கா வந்தா மேல படி. இல்லன்னா அடுத்த முகூர்த்தத்துல நீதான் மணையில குந்தணும்."

மாவின் நீளமான சங்கிலிகளை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், குறுக்கே முடிச்சுப் போட்டுக் கட்டும். அதற்கு நல்ல சூடு வேண்டும். முடிச்சு கூடினால் பை நொறுங்கும், குறைந்தால் தண்ணீரில் கரையும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வேறு வாங்கியிருந்தேன்.

முதல் தடவை உப்பை அள்ளிப் போட்டு படித்த கல்லூரியின் ஆய்வக அடுப்பில் நெடுநேரம் வைத்தேன். மடித்ததும் உடைந்தது.

"இன்னா இது, அப்பளமா?" என்றார் அப்பா. "ஜவ்வரிசிய வெயில்லதான காய வெக்கிறோம், இதையும் களத்துல போடு."

பயத்தில் உப்பைப் பாதியாக்கி, வெயிலிலேயே காயவைத்தேன். பை பட்டு மாதிரி வந்தது. சோதித்துப் பார்க்க, தேங்காயைப் போட்டு எடுத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் தாங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெற்றிலை வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்களே, பிறந்ததிலிருந்து பார்க்கிற அந்த வழக்கம் மட்டும் என் புத்தியில் உறைக்கவில்லை. கல்யாணத்தன்று அம்மா தாராளமாகத் தெளித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா மணலூர்பேட்டைக்காரர். பையை வாங்கி நாலடி நடப்பதற்குள் தேங்காய் கீழே உருண்டது. பை கூழாகிப் பட்டுப்புடவையில் அப்பிக்கொண்டது.

"இன்னாம்மா இது?"

"மரவள்ளிக் கஞ்சிங்க அத்தை."

"கஞ்சிதான? புடவைக்குத் தனியா போடற வேலை மிச்சம்."

அப்பா கையைப் பிசைந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. இவ படிச்சது போதும்னு நிறுத்திடறேன்."

"அரைகொறையா படிச்சதுக்கே இந்தக் கதி. இத்தோட நிறுத்தலாமா? முழுசா படிக்க வைங்க."

கல்யாணத்தன்று சம்பந்தி பேச்சை யார் தட்டுவது? அடுத்த மாதமே ஆராய்ச்சியில் சேர்ந்தேன்.

இன்று டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டேன், என் பைகள் மழையிலும் தாங்குகின்றன. ஆனாலும் எந்த விசேஷத்திலும் எனக்குத் தாம்பூலம் துணிப் பையில்தான். அதிலும் அக்கா வெற்றிலையை முந்தானையில் ஒற்றி ஒற்றித்தான் வைப்பாள். ஏன் என்று யாராவது கேட்டால் சொல்வாள்:

"ஈரம் ஆவாதும்மா, இவ டாக்டர்."