ஒத்தக்கையாரும் வரக்கூடாத விருந்தாளியும்

மலாயா முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், வரவே கூடாது என்று தினமும் சாமியிடம் வேண்டிக்கொண்டு, அதே விருந்தாளிக்காக தினமும் இடத்தைச் சுத்தம் செய்து வைத்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் பத்து பாகாட்டில் இருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் ஒத்தக்கை. பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை.

அவருக்கு இரண்டு கைகளும் உலக்கை மாதிரி திடமாகத்தான் இருந்தன. பெயருக்குக் காரணம் என் தையல் கடை. ஒரு நாள் காலை காக்கி அரைக்கால் சட்டையோடு வந்து நின்றார்.

"டைலரே, ஒரு கை தைக்கணும்."

"சட்டைக்கா?"

"சட்டையெல்லாம் வேணாம். கை மட்டும் போதும்."

"யாருக்குங்க?"

"காத்துக்கு."

கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஓர் ஆள் உள்ளே புகுந்து படுக்கலாம் போல ஒரு கித்தான் துணிக் கைக்கு அளவு சொன்னார். ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். கம்பத்தில் கட்டினால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும். தைத்ததை விரல் விட்டுப் பார்த்து, "தையல் நெருக்கமா இல்ல, பிரிங்க" என்றார். மாப்பிள்ளைச் சட்டைக்குக்கூட யாரும் என்னை அப்படிப் படுத்தியதில்லை. எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலைக் கீழே போட்டேன். பிறகு குனிந்து எடுத்துப் பிரித்தேன்.

ஊருக்கு வெளியே சர்க்கார் ஒரு புல்திடலை ஆகாய விமானத்துக்காக ஒதுக்கி வைத்திருந்தது. பினாங்கிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானம் எங்கள் தலைக்கு மேலே போகும், இறங்காது. ஆபத்து என்றால் மட்டும் இறங்குவதற்கு அந்தத் திடல். ஒத்தக்கையார் அதன் காவல்காரர். வருஷக்கணக்கில் ஒரு விமானமும் இறங்கியதில்லை. ஆனாலும் தினமும் வெறுங்காலால் திடல் முழுக்க நடந்து, நண்டு வளை இருக்கிறதா என்று பாதத்தால் தடவிப் பார்ப்பார். பந்து விளையாட வருகிறவர்களை விரட்டுவார். கல்யாண ஊர்வலம் ஒன்று குறுக்கே போகப் பார்த்தபோது, மேளத்தை நிறுத்தி, மாப்பிள்ளையைத் திடலைச் சுற்றி நடக்கவிட்டார். மாப்பிள்ளை இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுகிறார். மேய வரும் எருமையை மட்டும் மரியாதையாக விரட்டுவார், "கொஞ்சம் அங்கிட்டுப் போங்க" என்று. அது பக்கத்து மலாய்க் கிராமத்துப் பெங்ஹுலுவின் எருமை. ஊர்த்தலைவர் வீட்டு எருமையை நீ, வா, போ என்று பேச முடியுமா?

இப்படிப்பட்டவரிடம்தான் கோயில் தலைவர் மாணிக்கம் மோதினார். மாணிக்கம் மளிகைக்கடைக்காரர், குரல் கொடுத்தால் ஆற்றங்கரைக்குக் கேட்கும். அந்த வருஷம் மழையில் மாரியம்மன் கோயில் வளாகம் சேறாகிக் கிடந்தது. அன்னதானப் பந்தலைத் திடலில் போட மாணிக்கம் சர்க்கார் தொரையிடம் அனுமதி வாங்கிவிட்டார். ஒத்தக்கையார் என் கடை வாசலிலேயே அவரை மறித்தார்.

"தலைவரே, அங்க பந்தக்கால் நட வேணாம்."

"அலமாக்! அந்த எடத்துல ஒரு காக்காகூட எறங்குனதில்லயே. ஏரோப்ளேன் எங்க எறங்கப் போவுது?"

"பினாங்குல எண்ணெய் ஊத்திக்கிட்டு வருது. சிங்கப்பூர் போயி பாத்தா அங்க மழை மூடிக்கிடக்கு, தரை தெரியல. சடக்கு ஓரத்துல வண்டிய நிறுத்துற மாதிரி வானத்துல நிறுத்த முடியுமா? சுத்தணும். சுத்துனா எண்ணெய் போவும். திரும்பி பினாங்கு போவ பத்தாது. நடுவுல ஒரு எடம் வேணும்ல?"

"அப்ப நெறைய ஊத்திக்கிட்டு வரச் சொல்லு லா!"

"எண்ணெய்க்கும் கனம் இருக்கு தலைவரே. அத அளவில்லாம ஏத்துனா ஆள எறக்கணும்."

மாணிக்கம் கையை உதறிவிட்டுப் போய்விட்டார். ஒத்தக்கையார் என் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்று மட்டும்தான். மூவாரிலிருந்து அவர் மனைவியும் மகளும் தொங்கான் படகில் வந்திருக்கிறார்கள். சுமத்திராக் காற்று, அந்தக் கடலில் திடீரென்று எழும் புயல், பிடித்துக்கொண்டது. படகு வழியில் ஒரு துறையில் ஒதுங்கப் பார்த்திருக்கிறது. துறையில் விளக்கு இல்லை.

"ஏன் வெளக்கு ஏத்தலன்னு அங்க காவலுக்கு இருந்தவன்கிட்ட கேட்டேன் டைலரே. 'இங்க எந்தப் படகும் ஒதுங்குறதில்லையே'ன்னான்."

 நான் மிஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நான்தான் மாணிக்கத்தின் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "என்ன செய்யணுமாம்?" என்றார். ஒத்தக்கையார் ஒரு வழி சொன்னார். கால்களை மண்ணில் நடக்கூடாது. மண்ணெண்ணெய் டின்களில் மணல் நிரப்பி அதில் நிறுத்த வேண்டும். தூக்கு என்றால் தூக்கிவிடலாம். ஊரே சிரித்தது. அம்மனுக்கு நடக்கும் பந்தல் என்று கேலி பேசினார்கள். இருந்தாலும் டின்கள் வந்தன.

திருவிழா நாள் விடியும்போது சுமத்திராக் காற்று ஊரைப் புரட்டி எடுத்துவிட்டுத் தெற்கே போனது. கம்பத்துக் கை கிழிந்துவிட்டது. ஒத்தக்கையார் அதை என் கடையில் கொடுத்துவிட்டு, அம்மனுக்காக அன்று வேட்டி கட்டிக்கொண்டு திடலுக்குப் போனார். பந்தலில் சோறு வெந்துகொண்டிருந்தபோது வடக்கேயிருந்து வந்த விமானம் தலைக்கு மேலே தெற்கே போனது. யாரும் கவனிக்கவில்லை. இலை போடும் நேரத்தில் அதே சத்தம் தெற்கேயிருந்து திரும்பி வந்தது.

நான் தைத்து முடித்த கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். தூரத்திலேயே அவர் குரல் கேட்டது.

"தூக்குங்க! பந்தலத் தூக்குங்க! அங்க ஆளு இருக்கு, எண்ணெய் இல்ல!"

மாணிக்கம் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு அந்த ஆற்றங்கரைக் குரலில், "டேய், எல்லாரும் காலப் புடிங்கடா!" என்றார். கீற்றுக் கூரையும் வாழைமரமும் தோரணமுமாகப் பந்தல் திடலைவிட்டு நடந்து போனது. பெண்கள் சாம்பார் அண்டாவைக் கம்பில் மாட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெற்றியில் பட்டையோடு மாணிக்கம் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார்.

கம்பத்தில் கை இல்லை; என் தோளில் இருந்ததை ஏற்றிக் கட்ட நேரமில்லை. காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் விமானம் வட்டமிட்டது. ஒத்தக்கையார் இடுப்பு வேட்டியை ஒரே இழுப்பில் உருவி, மூங்கிலில் கட்டி, திடல் கோடியில் கோவணத்தோடு தூக்கிப் பிடித்து நின்றார். வேட்டி காற்றில் விறைத்துப் பறந்தது. சிரிக்க வேண்டிய காட்சிதான். ஒருவரும் சிரிக்கவில்லை.

விமானம் காற்றுக்கு எதிராக வந்து, ஈரப் புல்லில் சறுக்கி, வாய்க்காலுக்கு முன்னால் நின்றது. முதலில் இறங்கியவள் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். ஓட்டி வந்தவர் எண்ணெய்த் தொட்டியில் ஒரு குச்சியை விட்டு எடுத்தார். அதன் நுனி மட்டும் நனைந்திருந்தது. அவர் ஒத்தக்கையாரிடம் கை நீட்டினார். இவர் மூங்கிலை விடவில்லை. மாணிக்கம் தன் பட்டுத் துண்டை எடுத்து அவர் இடுப்பில் சுற்றிவிட்டு, "எறங்கிட்டாங்கப்பா. விடுய்யா" என்றார். அப்போதுதான் விட்டார். அந்தக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் காவல் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

வந்தவர்களுக்கு இலை போட்டோம். ஜொகூர் பாருவிலிருந்து லாரியில் எண்ணெய் வந்தது. மறுநாள் விமானம் கிளம்பியபோது ஊரே கையசைத்து, "போயிட்டு வாங்க!" என்று கத்தியது. ஒத்தக்கையாருக்கு வந்ததே கோபம்!

"வாயக் கழுவுங்க! அவங்க எதுக்கு இங்க வரணும்? நல்லபடியா போவட்டும். வராதீங்கன்னு சொல்லுங்க!"

தமிழ் பேசும் யாரும் விருந்தாளியிடம் சொல்லாததை அவர் மட்டும் அடிவானம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வேண்டுதல் பலித்தது. அவர் இருந்த வரைக்கும் அங்கே வேறு விமானம் இறங்கவில்லை. புல் மட்டும் ஒரு நாளும் வளரவில்லை.

பின்னொரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மாணிக்கம்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். அவரைத் திடலைச் சுற்றித்தான் தூக்கிக்கொண்டு போனோம். குறுக்கே போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாவில் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவரை இறக்கி வைத்தபோது, பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்காமல், "போயிட்டு வாங்க" என்றேன்.