சந்தையில் நிகழ்ந்த தற்செயல்

மலைச் சந்தையின் மிளகுக் கடையில் நின்றிருந்த அதே இருவர், இப்போது பலாப்பழக் குவியலுக்கு அருகிலும் நின்றார்கள். கந்தசாமிக்குச் சுருக்கென்றது.

ஒருவர், கண்ணாடி அணிந்த நடுத்தர வயது அம்மையார். மற்றவன், அவருடைய மகன் என்று ஊகிக்கத்தக்க சாயலுடைய இளைஞன். இருவரும் எதையும் வாங்கவில்லை. பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல் பாவனை செய்துகொண்டு, கந்தசாமியையும் அவருடைய மகள் கீர்த்தனாவையும் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள்.

பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் கந்தசாமி. சீட்டு வாங்காதவனை முகத்தைக் கொண்டே கண்டுபிடித்தவருக்கு இது எம்மாத்திரம்?

"கண்ணு, நம்மள ரெண்டு பேரு நோட்டம் உடறாங்க."

"சந்தைக்கு வந்தா நாலு பேரு பாக்கத்தானுங்கப்பா செய்வாங்க" என்ற கீர்த்தனா, காலையில் தானே வற்புறுத்தி அவருக்கு அணிவித்திருந்த புதுச் சட்டையின் கழுத்துப்பட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

அடுத்த கணமே கந்தசாமிக்கு உண்மை புலப்பட்டது. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்!

இப்போதெல்லாம் யார் முறையாக வீடு தேடி வந்து பெண் பார்க்கிறார்கள்? கோயிலிலோ கடைவீதியிலோ தற்செயலாக எதிர்ப்படுவது போல் எதிர்ப்படுகிறார்கள்; தலை முதல் கால் வரை பார்க்கிறார்கள்; பிடிக்காவிட்டால் ஒரு சொல்லும் சொல்லாமல் நழுவிவிடுகிறார்கள். இதற்கு நாகரிகம் என்று பெயர் வேறு! எந்தத் தரகன் செய்த ஏற்பாடோ? பெண்ணைப் பெற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

ஆத்திரம் வந்தது. எனினும் ஆத்திரப்படுவதற்கு அது நேரமன்று. அடுத்த மாதம் கீர்த்தனா பதவி உயர்வு பெற்றுப் பெங்களூருக்குச் செல்கிறாள். அதற்குள் அவள் திருமணத்தை நிச்சயித்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார் கந்தசாமி. அவளோ, "உங்கள ஒண்டியா உட்டுட்டு நான் எப்படீங்கப்பா போறது?" என்று சொல்லியே வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்திருந்தாள். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், இப்போதே சேலத்துக்குப் பேருந்து ஏறிவிடுவாள். ஆகவே, அவளுக்குத் தெரியாமலே அவளைக் காட்டிவிட வேண்டும்.

அவ்விருவரும் சின்னத்தாயி என்னும் மலைக்காரப் பெண்ணின் பட்டர் ஃப்ரூட் கூடையருகே நகர்ந்தார்கள். கந்தசாமியும் மகளைத் தள்ளிக்கொண்டு அங்கே சென்றார்.

"மாரமங்கலத்துப் பழமுங்க. அரிசிக்குள்ள பொதச்சு வெச்சா வெண்ணெயாட்டம் பழுத்துரும்" என்றாள் சின்னத்தாயி.

"எந்த ஊருங்க நீங்க?" என்று கந்தசாமியிடம் கேட்டார் அந்த அம்மையார்.

"சேலமுங்க. சும்மா சந்தையச் சுத்திப் பாக்கலாம்னு வந்தோம்."

"நாங்க நாகலூருங்க. எம் பேரு கலா. இவன் எம் பையன் ரஞ்சித்து, எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரா இருக்கறான்."

"ஊட்டுக்காரரு வரலீங்களா?"

"அவரு தவறி நொம்ப வருசமாச்சுங்க."

கந்தசாமி உரிய துயரத்துடன் தலையசைத்தார். மகளுக்கு மாமனார் தொல்லை இல்லை என்பதை மனத்துக்குள் குறித்தும் கொண்டார்.

"உங்க ஊட்டுல சமையல் யாருங்க?"

"வேற யாருங்க? எல்லாம் எங்க பாப்பாதான்!"

கலாவின் முகம் ஏனோ வாடிற்று.

"பொய்யுங்க!" என்று இடைமறித்தாள் கீர்த்தனா. "எனக்குச் சுடுதண்ணி வெக்கவே தெரியாது. அம்மா தவறிப்போனதுல இருந்து அப்பாதான் சமைக்கறாரு. அவரு ரசம் வெச்சா பக்கத்து ஊட்டுக்காரங்க கிண்ணத்தோட வந்துருவாங்க."

கந்தசாமி அதிர்ந்தார். தன் வரனைத் தானே கெடுத்துக்கொள்ளும் மகளை எந்தத் தகப்பனாவது பெற்றிருப்பானா? போதாக்குறைக்குக் கலா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஏளனச் சிரிப்பு!

"அப்பன் ஆக்கிப் போட்டுத் திங்கற புள்ள! குடுத்து வெச்சவதான் போ" என்று சின்னத்தாயி தன் பங்குக்குப் போட்டாள்.

கந்தசாமி விடவில்லை. "சமையல உடுங்க. பாப்பா நொம்ப அடக்கமுங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசமாட்டா."

அவர் சொல்லி முடிக்கவில்லை.

"சோளக்கதிர் அண்ணோவ்!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கூவினாள் கீர்த்தனா. "நாலு கதிரு சுடுங்க! மொளகாப்பொடி தூக்கலா!"

இனிப் பெரியவர்கள் பேசிப் பயனில்லை என்று கந்தசாமி முடிவு செய்தார். இளையவர்களைத் தனியே விட்டால் ஏதேனும் தேறக்கூடும். அவர் ரஞ்சித்தின் தோளில் கையைப் போட்டார்.

"தம்பி, நீங்களும் பாப்பாவும் அப்படியே ஏரியோரமா ஒரு நட போயிட்டு வாங்க. மனசு உட்டுப் பேசுங்க. நானும் அம்மாவும் இங்கயே இருக்கறோம்."

ரஞ்சித்தின் கையிலிருந்த பட்டர் ஃப்ரூட் நழுவித் தரையில் விழுந்தது.

"நானுங்களா? நான் எதுக்குங்க?"

"கூச்சப்படாதீங்க தம்பி! இந்தக் காலத்துல இதெல்லாம் சகஜம். போங்க, போங்க!"

அவர் அவனை முதுகில் கைவைத்துத் தள்ளவும், பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓர் இளம்பெண் கைக்குழந்தையுடன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"ஏனுங்க, இவளப் புடிங்க. காரு நிறுத்த எடந்தேடியே இடுப்பு உட்டுப்போச்சு" என்று குழந்தையை ரஞ்சித்திடம் நீட்டினாள் அவள். குழந்தை, "அப்பா!" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவள் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைக் கந்தசாமி கண்டார்.

அவருக்கு மலையே சுழன்றது.

"அடப்பாவி! பொண்டாட்டி புள்ளைய வெச்சுகிட்டு எம் பொண்ணப் பாக்க வந்தியாடா?"

சந்தை உறைந்தது. மிளகுக் கடைக்காரரின் அளவுப்படி அந்தரத்தில் நின்றது. மறுகணம் கூட்டம் கூடியது. என்ன ஏதென்று கேளாமலே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளும் அன்பர்கள் எந்த ஊரில்தான் இல்லை? "அவன உடாதீங்க!" என்று சின்னத்தாயி தராசைத் தூக்கினாள். ரஞ்சித், குழந்தையுடன் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். கலாவோ இரு கைகளையும் விரித்து அவனை மறைத்துக்கொண்டார்.

"அப்பா! சத்தம் போடாதீங்க!" என்று ஓடி வந்தாள் கீர்த்தனா. "எல்லாத்தையும் கெடுத்துப்புட்டீங்களே!"

"நானா கெடுத்தேன்? அவன் கல்யாணமானவன் கண்ணு!"

"தெரியுமுங்கப்பா! நாந்தான் இவங்கள வரச் சொன்னேன்!"

கந்தசாமி, முள் என்றும் பாராமல் பக்கத்தில் கிடந்த பலாப்பழத்தின் மீதே அமர்ந்துவிட்டார். அந்த வலிகூட அவருக்கு உறைக்கவில்லை. தாம் வளர்த்த பெண்ணா? கல்யாணமானவன் என்று தெரிந்தேவா? கூட்டம் இன்னும் ஓரடி நெருங்கியது.

ரஞ்சித்தின் மனைவி முன்னே வந்து குனிந்து, கையைக் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டாள்.

"எந்திரிங்க மாமா, நாங்க பொண்ணு பாக்க வரலீங்க, எங்க அத்தைக்கு மாப்பிள்ள பாக்க வந்தோம், உங்களுக்கு இத்தன கோவம் வரும்னு மட்டும் உங்க பாப்பா சொல்லவேயில்லீங்க."