மாமாவின் கவிதையில் பெய்த அயல்நாட்டு மழை

கோர்ச்சா, 16 நவம்பர் 1974

மதிப்பிற்குரிய அன்பு அத்தைக்கு,

ஸமீரா பணிவுடன் எழுதுவது. அங்கே தங்கள் தங்கையும் பச்சைக் குழந்தையும் சுகம் என நம்புகிறேன். நானும் மாமாவும் இன்னும் நம் வீட்டிலேயே இருக்கிறோம். இப்போதைக்கு அதுவே சுகம். இதைத் தபாலில் போடப் பயந்து லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தவறு என்னுடையது. பள்ளியில் நம் ஊர்க் கவிஞர்களைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். மாமாவுக்குப் பெருமை சேரட்டும் என்று, மாவுப் பெட்டியில் அவர் ஒளித்திருந்த நோட்டை எடுத்து, அதில் அவர் பிரதியெடுத்திருந்த, தடை செய்யப்பட்ட அந்தப் பிரெஞ்சுக் கவிஞரின் மழை வரிகளையும் மாமாவின் மழை வரிகளையும் அருகருகே எழுதி, ஒற்றுமைகளுக்குச் சிவப்புக் கோடும் போட்டேன். படித்த ஆசிரியையின் முகம் வெளுத்தது. கட்டுரை அன்றே கட்சியின் எழுத்தாளர் கமிட்டிக்குப் போனது. அயல்நாட்டுப் பாதிப்பு உறுதியானால் உங்கள் இருவரையும் குளிர் வாட்டும் மலைக்கிராமத்துப் பண்ணைக்குத் தண்டனையாக அனுப்பிவிடுவார்களாம்.

நேற்று விசாரணை. என்னையும் மாமா பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தலைவர் தோழர் நாஷோ, அந்தப் பிரெஞ்சுக்காரரை யாராவது படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததாக யார் ஒப்புக்கொள்வார்கள்? தோழர் குரி மட்டும், "அந்தாளு கவிதையில வர்றது மழை இல்ல, தூறல்" என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் இருமித் தண்ணீர் கேட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

யாரும் படிக்காததால் குற்றத்தை நிரூபிக்க வழியில்லை. ஆனால் இந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று அறிக்கையில் எழுதியாக வேண்டுமே. காரியதரிசி லியென்கா அம்மா மெல்ல, "வேற யாரு தோழர், எல்லாம் உங்க சர்க்கரை ஆலைக் கவிதைகளோட பாதிப்புதான்" என்றார். தலைவர் முகம் மலர்ந்தது. "பெத்ராக், இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்று மாமாவைத் தட்டிக்கொடுத்தார். மாமா வாயைத் திறந்தார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அறிக்கையில் முத்திரை விழுந்தது. ஆகவே கவலை வேண்டாம். குழந்தைக்கு என் முத்தங்கள், பெரியவர்களுக்கு என் வணக்கங்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
ஸமீரா

பி.கு.: அறிக்கையின் பிரதி இப்போதுதான் வந்தது. மாமா அதை இரண்டு முறை படித்தார். "சாகலாம்டி, ஆனா நாஷோகிட்ட கவிதை கத்துக்கிட்டேன்னு பேரு எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, மாவு உதறிய நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கமிட்டிக்குக் கிளம்பிவிட்டார். தெருமுனை வரை அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். திரும்பி நின்று, நான்கு ஒற்றுமைகளை என் கட்டுரையில் விட்டுவிட்டேன் என்று கண்டித்துவிட்டுப் போனார். அத்தை, கம்பளிகளை எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள் என்று லாரிக்காரரிடமே சொல்லியனுப்புங்கள்.