உல்ஜானுக்கு என்ன குறைச்சல்

மனைவியின் கோபத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக எர்முராத் அன்று காலை முடிவு செய்தான். இத்தனை காலமாக அதை யாரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம், யாரும் தன்னளவுக்கு யோசிக்காததுதான் என்றும் முடிவு செய்தான். அல்மாட்டி நகரத்தில், மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ்களின் டிப்போவில் மேற்பார்வை வேலை. யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

உல்ஜானுக்கு வசந்த காலத்திலிருந்தே சரியில்லை. தூக்கம் போய்விட்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை நடுங்கிக் கரண்டி கீழே விழுந்தது. சில நாள் நடுங்காமலும் விழுந்தது, அதுவும் எர்முராத் நிற்கும் பக்கமாக. காரணமே இல்லாமல் சமையலறையில் நின்று அழுதாள். காரணமே இல்லாமல் என்பது எர்முராத்தின் கணக்கு.

காரணம் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. எர்முராத்தின் பெரியப்பா ஜாக்கிப்பும் பெரியம்மா கூல்பாஷும் பெரியப்பாவின் முழங்காலைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். முழங்காலைக் காட்டியாயிற்று. முழங்காலும் குணமாயிற்று. ஆனால் வந்த விருந்தாளியிடம், எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கிற குடும்பத்தில் எர்முராத் பிறக்கவில்லை. இவர்களுக்கு முன்னால் பல் கட்டிக்கொள்ள ஓர் அத்தை வந்திருந்தாள். எல்லாப் பல்லையும் கட்டிக்கொண்டு, அவற்றால் நன்றாகச் சாப்பிட்டும் பார்த்துவிட்டுத்தான் போனாள். வீட்டில் இருப்பது இரண்டே அறை. அதில் நல்ல அறை எப்போதும் விருந்தாளிக்கு.

தேநீர் ஊற்றுவது வீட்டுக்காரியின் வேலை. ஆண்கள் கெண்டியைத் தொடமாட்டார்கள். கிண்ணத்தில் நாலு மடக்குதான் ஊற்றவேண்டும், அதுதான் மரியாதை. இன்னும் இருங்கள், இன்னும் கேளுங்கள் என்று அர்த்தம். அதனால் கிண்ணம் போகும், வரும், மறுபடி போகும். ஒரு தடவை உட்கார்ந்தால் பெரியப்பா எவ்வளவு மரியாதையைக் குடிப்பார் என்பது உல்ஜானின் தோள்பட்டைக்குத்தான் தெரியும். பகலெல்லாம் பாலர் பள்ளியில் குழந்தைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து, சாயங்காலம் இந்தப் பெரிய குழந்தைகளுக்கு ஊற்றவேண்டும்.

"எனக்கு மூச்சு முட்டுதுங்க," என்றாள் ஒருநாள். "எங்கம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

கல்யாணமான பெண்ணைச் சீரோடு தாய்வீட்டுக்கு அனுப்பி, ஆசை தீர இருந்துவிட்டு வரச் சொல்வது அந்த நாட்டு முறை. உல்ஜானுக்கு அது கல்யாணமான மறுவருஷமே நடந்திருக்கவேண்டும். அந்த வருஷம் யாரோ விருந்தாளி வந்திருந்தார். அடுத்த வருஷமும் வந்திருந்தார். இதற்குள் உல்ஜானுக்கு ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, அவளே தாய்வீட்டுக்கு வந்து சீராடிவிட்டும் போய்விட்டாள். அப்போதும் கெண்டி உல்ஜான் கையில்தான் இருந்தது.

"பெரியப்பாவை வீட்ல வச்சுக்கிட்டா? ஊர் சிரிக்கும்," என்றான் எர்முராத். "உனக்கு ஒண்ணுமில்ல, சத்துக் குறைச்சல். மனக்கவலை, படபடப்பு எல்லாமே சத்து இல்லாததால வர்றது."

இந்த ஞானம் செல்போனிலிருந்து வந்தது. அதில் ஒருவன் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசினான். டாக்டரா என்று தெரியாது, கோட்டு வெள்ளை. மக்னீசியம் குறைந்தால் எரிச்சல், வைட்டமின் பி குறைந்தால் அழுகை, டி குறைந்தால் வாழ்க்கையே வெறுப்பு என்றான். கணவன் அதிகமானால் என்ன வரும் என்பதை அவன் சொல்லவில்லை.

முதலில் எர்முராத் உணவில் கைவைத்தான். மாவும் கொழுப்பும் வேண்டாம், கீரையும் மீனும் வால்நட்டும் பூசணி விதையும் சாப்பிடு, நரம்பு தானாக அடங்கும் என்று அடுப்படியில் நின்று பிரசங்கம் செய்தான். உல்ஜான் அப்போது பெரியப்பாவுக்காக எண்ணெயில் பவுர்சாக் என்ற மாவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். பொரித்ததை வடித்துவிட்டு நிதானமாகத் திரும்பினாள்.

"நான் உக்காந்து சாப்பிட்டே மாசக்கணக்காச்சு. முதல்ல உக்கார விடுங்க. எதைச் சாப்பிடறதுன்னு அப்புறம் சொல்லுங்க."

இதுவும் சத்துக் குறைச்சலின் அறிகுறிதான் என்று எர்முராத் குறித்துக்கொண்டான். அடுத்த நாள் மருந்துக்கடைக்குப் போய், எல்லாச் சத்தும் ஒரே மாத்திரையில் அடங்கிய பெரிய டப்பாவாகப் பார்த்து வாங்கிவந்தான். உல்ஜான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைப் பெரியப்பாவுக்குக் குடுங்க. தெம்பு வந்து ஊருக்கு நடந்தே போயிடுவாரு."

நோயாளி மருந்தை மறுத்தால் வைத்தியன் என்ன செய்வான்? ஏமாற்றிக் கொடுப்பான். உல்ஜான் தினமும் பள்ளிக்கு பிளாஸ்கில் பால் தேநீர் எடுத்துப்போவாள். அவள் தலை வாரும் நேரத்தில் எர்முராத் மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி பிளாஸ்கில் கொட்டிக் குலுக்கினான். நெஞ்சு அடித்துக்கொண்டது. காதலித்த காலத்தில்கூட அவளுக்காக அவன் இவ்வளவு பாடுபட்டதில்லை.

மருந்து வேலை செய்தது. அதுதான் வேடிக்கை. கொஞ்ச நாளிலேயே உல்ஜானின் முகம் தெளிந்தது. படுத்ததும் தூங்கினாள். கரண்டிகள் அதனதன் இடத்தில் இருந்தன. ஒரு காலையில் மாவு பிசைந்துகொண்டே பாட்டுக்கூட முணுமுணுத்தாள். பெரியம்மா மூன்றாம் தடவை தேநீரைச் சுடவைக்கச் சொன்னபோது, "இதோ பெரியம்மா," என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள். எர்முராத்துக்குத் தலைகால் புரியவில்லை. டிப்போவில் எல்லா டிரைவர்களிடமும் சொன்னான். மனைவி கத்துகிறாளா, அடிக்காதே, திட்டாதே, நசுக்கிப் போடு என்று யோசனை சொன்னான். அவர்களில் ரெண்டு பேர் மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உல்ஜான் குதிரைக்கறி வேகவைத்து விருந்து வைத்தாள். எர்முராத் நல்ல எலும்பாகப் பார்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, பனியில் மாட்டிய டிராலிபஸ்ஸைத் தான் ஒற்றை ஆளாக மீட்ட கதையைப் பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் உல்ஜான் பெரியப்பாவிடம் மெதுவாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியப்பா தலையாட்டினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஆசி சொல்ல ஆரம்பித்தார்.

பெரியவர் கையை விரித்தால் சுற்றி இருப்பவர்களும் விரிப்பார்கள். ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. எர்முராத் எலும்பை வைத்துவிட்டுக் கையை விரித்தான். வழி வெளிச்சமாக இருக்கட்டும், மனசு நிறையட்டும் என்றெல்லாம் பெரியப்பா சொன்னது காதில் விழுந்தது. அவன் மனசு டிராலிபஸ்ஸில் இருந்தது. முடிந்ததும் எல்லோரையும்விட உரக்க "ஆமின்" சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தான்.

இதற்கிடையில் அவனுக்கு வேறொரு கவலை வந்திருந்தது. வெளியே சொல்லமுடியாத கவலை. கொஞ்ச நாளாகச் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போனது. சாதாரண மஞ்சள் இல்லை, டிப்போவில் தூணுக்கு அடிக்கிற பெயிண்ட் மஞ்சள். கல்லீரல் போய்விட்டது என்று முடிவுகட்டிப் பயந்துபோய் டாக்டரிடம் ஓடினான். அது நடுத்தர வயது அம்மாள். ரத்தத்தைச் சோதித்தாள், கண்ணைப் பார்த்தாள். பிறகு, சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள்.

"நான் இல்லீங்க. என் சம்சாரம்தான் சாப்பிடுது. அதுக்கே தெரியாம."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். பிளாஸ்க் கதை முழுவதையும் கேட்டாள்.

"அப்போ அந்த பிளாஸ்க்கு யார் வயித்துக்குப் போகுதுன்னு உங்க மூத்திரம் சொல்லுது," என்றாள். "பி வைட்டமின் அதிகமானா இந்த நிறம்தான் வரும். உங்க கல்லீரலுக்கு ஒரு கேடும் இல்ல."

"அப்போ மாத்திரையால மனக்கவலை தீராதா டாக்டர்?"

"உடம்புல நிஜமாவே சத்து குறைஞ்சிருந்தா, அதைச் சரிக்கட்டினா கொஞ்சம் உதவும். நல்ல சாப்பாடும் தூக்கமும் அதைவிட உதவும். குறையாதவங்களுக்குக் குடுத்தா மூத்திரத்துக்கு நிறம்தான் வரும். அவங்களுக்கு என்ன குறையுதுன்னு அவங்களையே கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்று சொல்ல எர்முராத்துக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது கல்லீரல் பிழைத்த சந்தோஷம் ரெண்டு நிறுத்தம் வரைக்கும்தான் தாங்கியது. மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு கேள்வி ஏறிக்கொண்டது. மாத்திரையை அவள் சாப்பிடவே இல்லை என்றால், எதனால் அவளுக்குக் குணமாயிற்று?

வீட்டு வாசலில் பெட்டி நின்றது. உல்ஜான் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு தலைக்குட்டையை முடிந்துகொண்டிருந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"எங்கம்மா வீட்டுக்கு. ஜார்கென்ட் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"யாரைக் கேட்டு?"

"பெரியப்பா ஆசி குடுத்தாரே. மனசு நிறையறவரைக்கும் இருந்துட்டு வான்னு சொன்னாரே. நீங்களும் கைய விரிச்சு ஆமின் சொன்னீங்க. எல்லாரையும்விட சத்தமா."

எர்முராத் கூடத்தை எட்டிப் பார்த்தான். பெரியப்பா மெத்தையில் சாய்ந்திருந்தார். மருமகள் முறையாகக் கேட்டாள், முறையாகக் கொடுத்தேன், கொடுத்த ஆசியைத் திரும்ப வாங்க நான் என்ன கடையா வைத்திருக்கிறேன் என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார். தேநீர் அந்த வீட்டில் தானாகவே வருகிறது என்று அவரும் நினைத்திருக்கவேண்டும்.

எர்முராத் குரலைத் தாழ்த்தினான். பிளாஸ்க் விஷயம் எப்போது தெரிந்தது என்று கேட்டான்.

"முதல் நாளே. எத்தனை பிள்ளைங்களுக்குக் கஞ்சியில மீன் எண்ணெய் கலந்து குடுத்திருக்கேன், எனக்கே கலந்து குடுக்குறீங்களா? அடியில சுண்ணாம்பு மாதிரி நின்னுச்சு. கொட்ட மனசு வரலை. சாயங்காலம் கொண்டாந்து சூடுபண்ணி உங்க கிண்ணத்துல ஊத்தினேன். நீங்க என்னைக்காவது கிண்ணத்தைப் பார்த்துக் குடிச்சிருக்கீங்களா?"

"அப்போ உன் படபடப்பு எப்படி நின்னுச்சு?"

உல்ஜான் முடிச்சை இறுக்கினாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"போறதுன்னு முடிவு பண்ணினேன். அன்னைக்கே நின்னுடுச்சு. உங்களைத் திருத்தணும், உங்களுக்குப் புரியவைக்கணும்னுதான் இத்தனை வருஷமா கத்திக்கிட்டு இருந்தேன். அந்த ஆசையை விட்டேன், தூக்கம் வந்துச்சு. வைட்டமின் நல்ல மருந்துதாங்க. உங்களைப் பாருங்க, எப்படிச் சிவந்து பளபளன்னு இருக்கீங்க."

பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு இறங்கினாள். எர்முராத் படியில் நின்று பார்த்தான். அவள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தான். உள்ளேயிருந்து பெரியம்மா கெண்டி ஆறிவிட்டது என்று குரல் கொடுத்தாள்.

அதற்கப்புறம் எர்முராத் வாழ்ந்த வாழ்க்கை எதிரிக்கும் வரக்கூடாது. விடியுமுன் தண்ணீர் வைத்தான். டிப்போவிலிருந்து ஓடிவந்து கறி வெட்டினான், கரியவிட்டான், மறுபடி வெட்டினான். சாப்பிட உட்காரப்போனால் கிண்ணம் வந்தது. தூக்கம் போயிற்று. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒருநாள் சமையலறையில் நின்று அழுதான். டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரையை நேராகவே விழுங்கிப் பார்த்தான். மஞ்சளாகப் போனதுதான் மிச்சம்.

கடைசியில் துணிந்து ஒரு காரியம் செய்தான். பெரியப்பாவின் கிண்ணத்தில் தேநீரை விளிம்புவரை ஊற்றி நீட்டினான். கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அந்த ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. கொஞ்சம் விரிப்பில் சிந்தியது. பெரியப்பா கிண்ணத்தைப் பார்த்தார். பெரியம்மாவும் பார்த்தாள்.

"பாவம்," என்றாள் பெரியம்மா. "ஆம்பளைக்கு ஊத்தத் தெரியுமா?"

அன்று மாலை படிக்கட்டில் நின்றுகொண்டு ஜார்கென்டுக்குப் போன் போட்டான். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நிறையப் பெண்கள். உல்ஜான் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். உட்கார்ந்து சாப்பிடுவதாகவும் சொன்னாள்.

"எப்ப வர்றே?" என்றான். குரல் உடைந்துவிட்டது. "என்னால முடியலை உல்ஜான்."

"உங்க விருந்தாளிங்க கிளம்பட்டும். மறுநாளே வரேன்," என்றாள்.

எர்முராத் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். பெரியப்பா முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். பரம்பரையில் யாரும் கேட்காத கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டான். ஊரில் ஆடு மாடெல்லாம் எப்படி இருக்கிறதோ, குளிர் வேறு வரப்போகிறது, முழங்காலும் நன்றாக ஆகிவிட்டது என்றான்.

பெரியப்பா அவன் தோளில் தட்டினார்.

"நாங்களும் போகணும்னுதான் பாக்குறோம்டா. ஆனா இத்தனை நாள் சோறு போட்ட மருமக ஊர்ல இல்லாதப்போ, அவகிட்டச் சொல்லிக்காம எப்படிக் கிளம்புறது? மரியாதையா அது? அவ நிதானமா வரட்டும், அதுவரைக்கும் இருக்கோம்," என்று சொல்லிக் காலிக் கிண்ணத்தை நீட்டினார்.