ஊசியின் பங்க் கடை

இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஒரகடம் வரைக்கும் எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளரை விரட்டுவதையே தொழிலாக வைத்திருந்த முதலாளி ஒருவர்தான். ஊசி. இசைத்தட்டில் ஓடும் ஊசியை யாரையும் தொட விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். பேச்சும் அப்படியே குத்தும்.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே கடை. பழைய இசைத்தட்டு, கேசட், சி.டி. ஊரெல்லாம் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது இருக்கும். "அண்ணே, சினிமாப் பாட்டு ஒரு ஐநூறு ஏத்திக் குடுங்க" என்று யாராவது கார்டை நீட்டினால் தொலைந்தார்கள்.

"ஐநூறு பாட்டா? எப்போ கேப்ப? செத்தப்புறமா? போடா அப்பால!"

இதில் பெரிய வேடிக்கை, அவருக்கே காது கேட்காது. பல வருஷம் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு அடித்ததில் வலது காது முழுசாகவும், இடது காது முக்காலும் போயிருந்தது. பிறகு எப்படிப் பாட்டுக் கேட்பார்? பல்லால். ஸ்பீக்கர் பெட்டியின் மர விளிம்பைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அதிர்வு தாடை வழியாக ஏறுமாம். சினிமாப் பாட்டெல்லாம் அவர் பல்லுக்குச் சப்பென்று இருந்தது.

வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கியிருந்த பங்களா ஒன்றைக் காலி செய்தபோது, பழைய சாமான்காரர் மூலம் ஓர் அட்டைப்பெட்டி அவர் கைக்கு வந்தது. உள்ளே இசைத்தட்டுகள். உறை எல்லாம் தலைமுடியை முள்முள்ளாக நிறுத்திய, கிழிந்த சட்டை போட்ட பையன்கள். ஒன்றைச் சுழலவிட்டுப் பெட்டியைக் கடித்தவர் கால் மணி நேரம் விடவில்லை. வாயை எடுத்தபோது கண்ணில் தண்ணீர்.

"டேய், எவனோ நம்ம மிசின் சவுண்ட வாசிச்சிகினு கீறான்டா! அதுவும் கோவமா வாசிக்கிறான்!"

உறையில் 'பங்க்' என்று இருந்ததை ஒருவன் படித்து, அந்தப் பாட்டு வகைக்கே அதுதான் பெயர் என்று சொன்னான். மறுநாளே வாசல் பலகையில் 'பங்க் இங்கு கிடைக்கும்' என்று எழுதிவிட்டார். ஒரு வாரம் பூராவும் ஆட்கள் பீடி கேட்டு வந்தார்கள். ஒருத்தர் கேனோடு பெட்ரோல் கேட்டு வந்தார். ஊசி அவரை உட்காரவைத்து ஒரு தட்டை முழுக்க ஓட்டிக் காண்பித்தார். மனிதர் கேனை விட்டுவிட்டு ஓடினார்.

நாங்கள் ஓடவில்லை. நானும் மாரியும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். இரண்டு பேரும் ஒப்பந்தத் தொழிலாளிகள். அவன் பிரஸ்ஸில், நான் பேக்கிங்கில். அறையில் எட்டுப் பேர், நாலு பாய். வார விடுமுறையில் பகல் பொழுதை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஊசி கடையில் வைத்தோம். எங்களைப் போல இன்னும் பத்துப் பேர். வாசலில் ஒரு டப்பா நிறையப் பஞ்சு இருக்கும்.

"காதுல வெச்சிகினு உள்ள வா. கம்பெனில குடுத்தானா? நான் குடுக்கிறேன்."

காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கச் சொன்ன கடை உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஸ்டெல்லா சேரப்பணஞ்சேரிப் பெண். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் வேலை. ஜெபப் பாட்டு சி.டி. கேட்டு வந்தவளை ஊசி வழக்கம்போல விரட்டினார். "கஸ்டமரை இப்படித்தான் பேசுவீங்களா? இன்னா கடை நடத்துறீங்க?" என்று அவள் கத்திய கத்தலில் அலமாரி அதிர்ந்தது. ஊசி அலமாரியில் கையை வைத்துப் பார்த்தார். "அம்மாடி, இந்தத் தொண்டைய எங்கம்மா வெச்சிருந்த? உக்காரு."

அப்படித்தான் எங்கள் குழு உண்டானது. மாரி ஒரு பழைய கித்தார் பிடித்தான். நான் பெயிண்ட் டின் தட்டினேன். ஸ்டெல்லா கத்தினாள். குழுவின் பெயர் 'பஞ்சு'. நான் எழுதிய முதல் பாட்டு, "சார், பாத்ரூம் போகணும் சார்." அந்த ஒரு வரிதான் முழுப் பாட்டும். லைன் சூப்பர்வைசரிடம் கேட்பதுபோல மெதுவாகத் தொடங்கி, கடைசியில் ஸ்டெல்லாவின் கழுத்து நரம்பு புடைக்கும். கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு சிரிக்க மாட்டார்கள்.

ஆறேழு மாதம்தான். உற்பத்தி வேகத்துக்காக மாரியின் பிரஸ்ஸில் பாதுகாப்பு சென்சாரைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் அவனுடைய இடது கையில் மூன்று விரல்கள் போயின. மயங்கிக் கிடந்தவனின் அடையாள அட்டையை யாரோ கழற்றிக்கொண்டார்கள். அப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலை செய்யவே இல்லை என்றது கம்பெனி. ஒப்பந்தக்காரர் போனை அணைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஊசி வந்தார். கட்டுப் போட்ட கையையே பார்த்தார்.

"மிச்சம் ரெண்டு கீதில்ல? நம்ம பாட்டுக்கு அது போதும்டா."

மாரி கஞ்சித் தூக்கை எடுத்து அவர் மேல் வீசினான். "வெளிய போவும்யா! என் மூஞ்சில முழிக்காதேயும்!"

சட்டையெல்லாம் கஞ்சி வழிய ஊசி அப்படியே நின்றார். அவருக்குத் திட்ட வராமல் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஆறுதல் சொல்ல எனக்குத் தெர்லடா. என் காது போனப்ப எவனும் எனக்குச் சொல்லல."

மறுநாள் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் இசைத்தட்டுப் பெட்டி, ஸ்பீக்கர், லாரி பேட்டரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மாரியின் கம்பெனி வாசலுக்குப் போனார். ஷிப்ட் மாறும் மதிய நேரம். பங்க் அலறியது. பக்கத்தில் ஓர் அட்டை: 'மாரி இங்கேதான் வேலை செஞ்சான். எழுதிக் குடு.'

"யோவ், வண்டிய எடுய்யா!" என்றார் காவலாளி.

"இன்னா சார்?"

"எடுய்யான்னா!"

"கேக்கலியே சார். உங்க மிசின் மாதிரி ஒரு மிசின்தான் சார் காதத் துன்னுச்சி. இன்னா சொன்னீங்கோ?"

நாலு நாள் இந்த நாடகம் நடந்தது. உள்ளே போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஸ்டெல்லாவும் நானும் லீவு சொல்லிவிட்டு அவரோடு நின்றோம். ஐந்தாம் நாள் ஒரு காவலாளி பெட்டியை எட்டி உதைத்தார். தட்டுகள் உருண்டுபோய்க் கம்பெனி பஸ் சக்கரத்துக்கு அடியில் விழுந்தன. அவை நொறுங்கிய சத்தம் ஊசிக்குக் கேட்டிருக்காது. தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். பொருந்துமா என்று இரண்டு துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார்.

அப்போது ஸ்டெல்லா பாட ஆரம்பித்தாள். கித்தார் இல்லை, டின் இல்லை. "சார், பாத்ரூம் போகணும் சார்." யாரும் சிரிக்கவில்லை. உள்ளே போக வேண்டியவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அரை மணி நேரம் லைன் ஓடவில்லை. அந்த அரை மணி நேரம்தான் கம்பெனிக்கு வலித்திருக்க வேண்டும். அடுத்த வாரம் இரண்டே வரியில் ஒரு கடிதம் வந்தது. விபத்து நடந்த அன்று மாரி பணியில் இருந்தான் என்று. அதை வைத்துத்தான் அவனால் இழப்பீட்டுக்கு மனுப் போட முடிந்தது.

அந்த வாசலில் நின்றதற்காக எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் வேலை போனது. லாட்ஜ்காரர் கடைக்கு வேறு பூட்டுப் போட்டார். ஊசி ஒரு சாக்குப் பையோடு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். மாரி ஊருக்குக் கிளம்பும் நாள் அது. அவர் முன்னால் போய் நின்றான்.

"எண்ணே, சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட ஒரு ஆளு வேணும். வாரீரா?"

அவன் வாயசைவையே பார்த்தார். "உங்க ஊர்ல சோறு நல்லா இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே பையைத் தூக்கினார்.

அங்கே மாரி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தான். வருகிறவர்களை ஊசி விரட்டுவார்: "இத்தினி காப்பி எதுக்குடா உனக்கு?" இப்படி நாலு வருஷம். ஒரு நாள் காலையில் மாரி போன் செய்தான்.

"ஏல, அண்ணன் போயிட்டாருல. சர்டிபிகேட்டுக்குப் பேரு கேக்காவ. நெசப் பேரு என்னல?"

எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அதற்குள் எங்களுக்குக் கல்யாணமாகியிருந்தது. "ஊசி அண்ணான்னுதான் நான் ஜெபத்துலயே சொல்லுவேன்" என்று அழுதாள்.

சாக்குப் பையின் அடியில் ஒரு பழைய ரேஷன் கார்டு கிடைத்தது. மாரி பெயரை வாசித்தான். நீளமான, அழகான பெயர். மூன்று பேருக்குமே யாரோ அந்நியரைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

சான்றிதழில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஸ்டெல்லா ஜெபத்தில் இன்னும் ஊசி அண்ணா என்றே சொல்கிறாள். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த இடம் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமென் சொல்கிறேன். கொஞ்சம் சத்தமாகவே.